முதல் கயாக் வாங்கும் முன்: தண்ணீர் பார்த்து, தூக்கிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து

"கயாக் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், எதை வாங்குவது?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். அந்தப் படகை நீங்கள் ஒரே ஆளாகத் தூக்கி வண்டியில் வைக்க முடியுமா? கால் எட்டாத தண்ணீரில் கவிழ்ந்தால், ஒரே ஆளாக அதில் திரும்ப ஏற முடியுமா? இரண்டுக்கும் "முடியும்" என்றால் அது உங்களுக்கு ஏற்ற படகு. ஒன்றுக்கு "முடியாது" என்றால்கூட, எவ்வளவு நல்ல படகாக இருந்தாலும் முதல் படகாக அது வேண்டாம்.

எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இரண்டு பேர் உட்காரும் கயாக் ஒன்று கிடக்கிறது. 34 கிலோ. வாங்கிய புதிதில் அப்பாவும் மகனுமாக ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினார்கள். மகன் வெளியூருக்குப் படிக்கப் போனதும் தூக்க ஆளில்லை. இப்போது அதன் முன் இருக்கைப் பள்ளத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கியிருக்கின்றன. படகில் ஒரு கீறல் இல்லை. அவருக்கும் தண்ணீர் மேல் இருந்த ஆசை போகவில்லை. எடை ஒன்றுதான் தடுக்கிறது. நல்ல மனிதர் ஒருவர் காலையில் ஆறு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டியவர், வீட்டில் இருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கயாக் என்பது வடதுருவப் பகுதி இன்யூட் மக்களின் வேட்டைப் படகு. மரச்சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்தது. கிரீன்லாந்தில் படகு கட்டுகிறவர் தன் உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். கைகளை விரித்த அளவில் மூன்று மடங்கு நீளம், இடுப்பு அகலத்தோடு இரண்டு கைமுட்டி அகலம், இப்படிப் போகும் அந்தக் கணக்கு. ஒருவர் படகு இன்னொருவருக்குச் சட்டையைப் போல் தொளதொளக்கும் அல்லது பிடிக்கும். கடையில் வாங்கும் நாமும் அந்த வழியிலேயே போகலாம். முதலில் தண்ணீர், அடுத்து நம் உடம்பு, அதற்குப் பிறகுதான் படகு.

முதல் படி: எந்தத் தண்ணீர்?

அடுத்த ஓராண்டில் நீங்கள் அதிகம் போகப் போகும் ஒரே ஓர் இடத்தின் பெயரை எழுதுங்கள். "ஏரி, ஆறு, கடல் எல்லாம்" என்று எழுதினால் எதற்கும் உதவாத படகு வீட்டுக்கு வரும். சென்னைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அது முட்டுக்காடு, கோவளம் காயலாக இருக்கலாம். கடலூர், சிதம்பரம் பக்கம் என்றால் பிச்சாவரம். வடக்கே பழவேற்காடு. பரப்பில் எல்லாம் அமைதியாகத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு.

பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் கால்வாய்கள் குறுகலானவை, பல இடங்களில் ஆழமும் குறைவு. அங்கே 14 அடிப் படகை வைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அணியம் எனும் முன்முனை ஒரு வேரிலும் அமரம் எனும் பின்முனை எதிர்க்கரை வேரிலும் முட்டும். 9, 10 அடிப் படகு சுகமாகத் திரும்பும். பழவேற்காடு திறந்த பரப்பு. காற்று எழுந்தால் ஒதுங்க மறைவு இல்லை. அங்கே குட்டையான படகு காற்றில் மூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும், நேராக ஓடும் நீளமான படகுதான் கைகொடுக்கும். முட்டுக்காடு இரண்டுக்கும் நடுவில்: காலையில் கண்ணாடி போல இருக்கும் தண்ணீர், நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறியதும் சிறு சிறு அலையாகச் சுருங்கிவிடும்.

கடலை ஆரம்பத்தில் ஒதுக்கி வையுங்கள். சென்னைக் கடற்கரையில் அலை பெரும்பாலும் கரையை ஒட்டியே உடைகிறது, அதைத் தாண்டி உள்ளே போவதும் திரும்பி வருவதும் தனிப் பயிற்சி. இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் அலை தணிந்து, கடல் குளம் போலத் தெரியும். புதியவர் அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டு இறங்குவார். அந்தக் காற்றே அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போதுதான் எதிர்க்காற்று என்பது தெரியவரும். இறங்குவதற்கு முன் அந்தக் கரை மீனவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். காற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை எந்தச் செயலியும் சொல்லாது.

கையோடு அனுமதியையும் விசாரித்துவிடுங்கள். குடிநீர் ஏரிகளிலும் வனத்துறைப் பொறுப்பில் உள்ள நீர்நிலைகளிலும் சொந்தப் படகை நினைத்தபோது இறக்க முடியாது. படகு வாங்கிய பிறகு இது தெரிந்தால் மனம் உடைந்துபோகும்.

இரண்டாம் படி: மேலே உட்காருவதா, உள்ளே உட்காருவதா?

கட்டுமரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் முதல் வகை உடனே புரிந்துவிடும். கட்டுமரத்தில் தண்ணீர் மேலே ஏறும், மரங்களுக்கு நடுவில் இறங்கிப் போய்விடும். உள்ளே தேங்க இடமில்லாததால் அது நிரம்பி மூழ்குவதில்லை. சிட்-ஆன்-டாப் எனப்படும், மேலே உட்காரும் கயாக்கும் அப்படித்தான். மூடிய வெற்றுக்கூடு, அதன் முதுகில் இருக்கை, இருக்கையைச் சுற்றி மேலிருந்து அடிவரை ஊடுருவும் துளைகள். தெறித்து விழும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே தானே இறங்கிவிடும். கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறி உட்கார வேண்டியதுதான், மொண்டு ஊற்ற ஒன்றும் இல்லை. இருக்கை எப்போதும் சற்று ஈரமாக இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது குறையே இல்லை.

இரண்டாவது வகையில் கால்கள் படகுக்குள் போய்விடும். உடம்பு தாழ்வாக இருப்பதால் காற்று குறைவாகப் பிடிக்கும், முழங்காலால் படகின் உட்பக்கத்தை அணைத்துச் சாய்த்து ஓட்டலாம். அழகான உணர்வு அது. ஆனால் கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். முன்னும் பின்னும் தண்ணீரை அடைக்கும் தடுப்புச் சுவர் இல்லாத மலிவான 10 அடிப் படகில் 100 லிட்டருக்கு மேல் நிரம்பும். நூறு கிலோ எடை சேர்ந்த படகைக் காயல் நடுவில் தனியாளாக நிமிர்த்திக் காலி செய்வது நடக்காத காரியம். இந்த வகைதான் வேண்டும் என்றால் இரு முனைகளிலும் தடுப்புச் சுவர் உள்ளதாகப் பாருங்கள். திரும்ப ஏறும் முறையை ஒரு பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்ட பிறகே தனியாகப் போங்கள்.

சூடான ஊர், உப்புத்தண்ணீர், புதிய ஆள். இந்த மூன்றும் சேர்ந்தால் என் தீர்ப்பு தயக்கமில்லாமல் மேலே உட்காரும் வகைக்குத்தான்.

இரட்டை இருக்கை பற்றி ஒரு வார்த்தை. குழந்தையோடு போக ஆசைப்படுகிறவர்கள் நடுவிலும் ஒரு இருக்கைப் பள்ளம் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் தனியாகப் போகும் நாளில் நடுவில் உட்கார்ந்து ஓட்டலாம். இல்லையென்றால் பின் இருக்கையில் நீங்கள் உட்கார, அணியம் தண்ணீரை விட்டு எழும்பி, காற்று தள்ளும் பக்கமெல்லாம் திரும்பும்.

மூன்றாம் படி: நீளம், அகலம், அடிப்பாகம்

நீளம் வேகத்தைக் கூட்டும் என்பது பாதி உண்மை. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் படகு எளிதாக எட்டக்கூடிய உச்ச வேகம் கடல்மைலில் கிடைக்கும். 9 அடிக்கு மணிக்கு சுமார் 4 கடல்மைல், அதாவது 7.4 கிலோமீட்டர். 16 அடிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ஆனால் புதியவர் இதமாகத் துடுப்புப் போடும் வேகம் மணிக்கு 4, 5 கிலோமீட்டர்தான். அந்த உச்சத்தை நீங்கள் தொடவே போவதில்லை. நீளத்தால் உண்மையில் கிடைக்கும் லாபம் நேராகப் போவது. குட்டைப் படகு ஒவ்வொரு துடுப்புக்கும் தலையை இடமும் வலமுமாக ஆட்டும், அதைத் திருத்தியே பாதி தெம்பு போய்விடும்.

10லிருந்து 12 அடி நீளம், 28லிருந்து 32 அங்குல அகலம். காயலுக்கும் மெதுவான ஆற்றுக்கும் இந்த அளவு போதும். 34 அங்குலத்துக்கு மேல் போனால் திண்ணை போல அசையாமல் இருக்கும், ஆனால் துடுப்புப் போடும்போது கை விளிம்பில் இடிக்கும், உயரம் குறைந்தவர்களுக்குத் தோள் வலிக்கும்.

படகைத் திருப்பிப் போட்டு அடிப்பாகத்தைப் பாருங்கள். தட்டையான அடி ஏறி உட்கார்ந்ததும் உறுதியாகத் தோன்றும், அலையில் பக்கவாட்டில் சாயும்போது சட்டென்று கைவிட்டுவிடும். வளைவான அடி தொடக்கத்தில் கிடுகிடுவென ஆடும், ஆனால் சாய்ந்தபிறகு ஓரிடத்தில் பிடித்து நிற்கும். இந்த ஆட்டத்தைக் கண்டு பயந்து நல்ல படகை வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. இரண்டு மூன்று முறை போனதும் இடுப்பு தானே பழகிவிடும். பின்பக்க அடியில் மீன் துடுப்புபோல ஒரு சிறு தகடு இருந்தால் காற்றில் நேராகப் போக உதவும். காலால் திருப்பும் சுக்கான் முதல் படகுக்குத் தேவையில்லை.

எடை தாங்கும் அளவு என்று அட்டையில் போட்டிருப்பது, படகு மிதந்துகொண்டிருக்கும் எல்லை. ஒழுங்காக ஓடும் எல்லை அதைவிடக் குறைவு. அட்டையில் போட்டிருப்பதில் 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் எடை 75 கிலோ, குடிதண்ணீர், பை, சாப்பாடு சேர்த்து 10 கிலோ. மொத்தம் 85. அப்படியானால் குறைந்தது 122 கிலோ தாங்கும் படகு வேண்டும். குறைவாக எடுத்தால் என்ன ஆகும் என்பதை மேலே உட்காரும் கயாக்கிலேயே கண்ணால் பார்க்கலாம்: இறங்க வேண்டிய துளைகள் வழியே தண்ணீர் மேலே ஏறி வந்து இருக்கையில் குளம் கட்டும். துளைக்கு அடைப்பான் விற்கிறார்கள். அதைப் போட்டால் மேலே தெறிக்கும் தண்ணீர் வெளியேற வழியிருக்காது. சரியான தீர்வு பெரிய படகுதான்.

நான்காம் படி: வீட்டிலிருந்து தண்ணீர் வரை

இந்தப் படியில்தான் பலருடைய ஆசை முடிந்துபோகிறது, அதனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 10 அடி என்றால் 305 சென்டிமீட்டர். உங்கள் லிஃப்டுக்குள் நிற்குமா? படிக்கட்டுத் திருப்பத்தில் வளையுமா? ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, படகு வைக்கப் போகும் இடத்திலிருந்து தெருவரை நடந்து பாருங்கள். அடுக்ககம் என்றால் வாகன நிறுத்தத்தில் வைக்க அனுமதி உண்டா என்று முன்னமே கேளுங்கள்.

10 அடி பிளாஸ்டிக் சிட்-ஆன்-டாப் பொதுவாக 20லிருந்து 28 கிலோ வரை இருக்கும். 25 கிலோ அரிசி மூட்டை என்றால் நமக்குத் தெரியும், தோளில் அடங்கி நிற்கும். 25 கிலோ படகு மூன்று மீட்டர் நீளத்துக்குக் காற்றில் ஆடும். அதனால் கடையில் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். தரையிலிருந்து தொடை, தொடையிலிருந்து தோள், தோளில் வைத்து இருபது அடி நடை, பிறகு கார் உயரத்துக்கு ஏற்றம். கடைக்காரர் உதவிக்கு வந்தால் அன்பாக மறுத்துவிடுங்கள்.

இரண்டு சக்கரம் வைத்த சிறு தள்ளுவண்டி வாங்கினால் நடைப்பாரம் பாதி குறையும். காரில் கட்டும்போது மேற்கூரைக் கம்பிகளுக்குக் குறுக்கே இரண்டு பட்டைகள், அணியத்திலும் அமரத்திலும் ஒவ்வொரு கயிறு. பிளாஸ்டிக் படகை முறுக்கி இறுக்கும் பட்டையால் நசுக்காதீர்கள். வெயிலில் மென்மையாகி அந்த இடம் பள்ளம் விழும். கார் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை பிடித்தால் மூன்று படகும் ஆட்களும் சாப்பாட்டுக் கூடையும் வரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சரக்குப் பக்கம் ஆட்கள் ஏறக்கூடாது, படகு மட்டும் அதில் போகட்டும், நீங்கள் வேறு வண்டியில் பின்னால் வாருங்கள்.

இத்தனைக்கும் இடமில்லை என்றால் காற்றடைக்கும் கயாக் இருக்கிறது. டெக்கத்லான் போன்ற விளையாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. பையில் மடித்துப் பரண்மேல் வைக்கலாம், பேருந்தில்கூட எடுத்துப்போகலாம். அதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும் நல்ல படகைவிட, ஞாயிறுதோறும் தண்ணீர் பார்க்கும் காற்றுப் படகு மேல். துணியிழைகளால் உள்ளே பிணைத்த கெட்டியான அடித்தளம் உள்ளதாக வாங்கினால் தண்ணீரில் தொய்யாமல் நேராக ஓடும். மூன்று விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள். காற்று பலமான நாளில் அது இலை போலத் தள்ளிப்போகும். முகத்துவாரத்துக் கற்களிலும் சதுப்புநில வேர்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடுபோல அறுக்கும். கரையேறி வெயிலில் வைத்தால் உள்காற்று விரிந்து தையல் பிளக்கலாம், அதனால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

மடித்து எடுத்துப்போகும் படகு என்றால் பொம்மை என்று நினைக்காமலிருக்க ஒரு செய்தி. ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932-ல் டான்யூப் ஆற்றில் மடக்குக் கயாக்கோடு இறங்கினார். இந்தியக் கரையோரமாகவும் துடுப்புப் போட்டு வந்தவர், 1939-ல் ஆஸ்திரேலியாவை எட்டினார்.

ஐந்தாம் படி: எதனால் ஆனது?

முதல் படகுக்குப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் போதும். கல்லில் உரசினால் கீறல் விழும், உடையாது. பள்ளம் விழுந்தால் வெயிலில் வைத்தாலே பல சமயம் நிமிர்ந்துவிடும். ஆனால் நிரந்தரமாக வெயிலில் போட்டால் சில வருடங்களில் நிறம் வெளுத்து நொறுங்கத் தொடங்கும். கிழிந்தால் சாதாரணப் பசை ஒட்டாது, சூடாக்கித்தான் இணைக்க வேண்டும். ஃபைபர் படகு இலேசாகவும் வேகமாகவும் இருக்கும், கல்லில் அடித்தால் விரிசல் விடும். நம் கரையில் அதற்கு ஒரு வசதி உண்டு: மீனவக் கிராமங்களில் ஃபைபர் படகு பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், உங்கள் கயாக்கையும் பார்த்துத் தருவார்கள்.

ஆறாம் படி: உட்கார்ந்து பாருங்கள், கவிழ்த்துப் பாருங்கள்

கடைத் தரையிலேயே படகில் இருபது நிமிடம் உட்காருங்கள். பாதம் கால்தாங்கியில் பதிந்து, முழங்கால் இலேசாக மடங்கி வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கால் முழுக்க நீட்டியிருந்தால் கீழ்முதுகு பிடிக்கும். தொடை மரத்துப்போகிறதா என்று பாருங்கள். இங்கே வராத வலியும் தண்ணீரில் வரலாம், இங்கேயே வந்த வலி அங்கே நிச்சயம் வரும்.

அடுத்தது தண்ணீர். வாங்க நினைக்கும் அதே வகைப் படகை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். கழுத்தளவுத் தண்ணீர், உடம்பில் லைஃப் ஜாக்கெட், பக்கத்தில் நீந்தத் தெரிந்த ஒருவர். வேண்டுமென்றே கவிழுங்கள். படகை நிமிர்த்தி, அதன் நடுப்பகுதிக்கு வந்து இரு விளிம்பையும் பற்றுங்கள். உடனே மேலே எக்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அது. செங்குத்தாகத் தொங்கினால் கால் படகுக்கு அடியில் போய்விடும், படகும் உங்கள் மேலேயே கவிழும். காலைப் பின்னால் உதைத்து உதைத்து உடம்பு தண்ணீர்ப் பரப்பில் மட்டமாக வரட்டும். அந்த நிலையில் படகை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே குப்புறப் படுத்திருப்பீர்கள். ஒரு மூச்சு விட்டு, புரண்டு இருக்கையில் இடுப்பை வைத்து, கடைசியாகக் கால்களை உள்ளே கொண்டுவாருங்கள்.

முதல் இரண்டு முறை வழுக்கும். மூன்றாவது முறையில் பெரும்பாலும் வந்துவிடும். ஐந்து முறை முயன்றும் வரவில்லை என்றால், இன்னும் தாழ்வான விளிம்புள்ள வேறு படகைப் பாருங்கள். கைப்பிடிப் பட்டை எங்கே இருந்தால் உதவும், இருக்கை முதுகு எங்கே குத்துகிறது என்பதெல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். எந்த விளம்பரத்திலும் இது கிடைக்காது.

ஏழாம் படி: துடுப்பும் அங்கியும்

முழுப் பணத்தையும் படகில் போட்டுவிட்டு, மீதிக்குக் கிடைத்த துடுப்பை வாங்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் துடுப்பை இரண்டாயிரம் முறைக்கு மேல் வீசுவீர்கள். அதில் 200 கிராம் கூடினாலும் தோள் சொல்லும். பணம் கொஞ்சம் மிச்சமிருந்தால் படகைவிடத் துடுப்பில் போடுங்கள். படகு அகலம் 28 அங்குலத்துக்குள் என்றால் 220 சென்டிமீட்டர், 32 வரை 230, அதற்கு மேல் 240. உயரம் குறைந்தவர்கள் பத்துக் குறைத்துக்கொள்ளலாம். துடுப்பைப் படகோடு இணைக்கும் சுருள்கயிறு ஒன்று காயலில் நல்லது. அலை உடையும் இடத்தில் மட்டும் வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும்.

லைஃப் ஜாக்கெட் போட்டு, எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின் யாரையாவது தோள் பகுதியைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுக்கு ஏறினால் அது உங்கள் அளவில்லை. இருக்கையின் முதுகில் இடிக்காதபடி பின்பக்கம் மெத்தை உயரமாக அமைந்தவை கயாக்குக்கென்றே வருகின்றன. நீச்சல் தெரிந்தவரும் போட வேண்டும். படகில் கட்டி வைத்த அங்கி கவிழும் நேரத்தில் கைக்கு வராது. ஒரு விசில், நீர் புகாத உறையில் கைப்பேசி, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். இவ்வளவு போதும்.

பழைய படகு வாங்குகிறவர்களுக்கு

தாராளமாக வாங்கலாம், முதல் படகுக்கு அது நல்ல வழிகூட. அமரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள், தரையில் இழுத்துப் பழகியவர்களின் படகு அங்கேதான் தேய்ந்திருக்கும். மேலே உட்காரும் வகையில் துளைகளின் உள்விளிம்பில் விரல் விட்டுச் சுற்றுங்கள், மயிரிழை விரிசல் கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் படும். வெளுத்துச் சுண்ணாம்புபோல மாவு உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். வெற்றுக்கூட்டுக்குள் சேரும் தண்ணீரை வடிக்க உள்ள வடிகால் மூடியைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி, படகை ஆட்டி, வெளியே எங்கேயாவது கசிகிறதா என்று பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். விற்பவர் அதற்கு முகம் சுளித்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படகு வந்த பிறகு

முதல் நாள் காலை ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதுக்குள் கரையேறுங்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாவிட்டால் எதிர்க்காற்றிலேயே தொடங்குங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிவிடும். முகத்துவாரத்தின் பக்கம் நீர் வற்றும் நேரத்தில் போகாதீர்கள், கடலை நோக்கி இழுக்கும். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு படகைவிட அதன் திருகுகளையும் கொக்கிகளையும்தான் முதலில் தின்னும். வடிகால் மூடியைத் திறந்து, அமரத்தை உயர்த்தி உள்ளே சேர்ந்ததை வடித்துவிடுங்கள். நிழலில், அகலமான இரண்டு பட்டைகளில் தொங்கவிடுங்கள், அல்லது பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். மூடியை இரவு முழுக்கத் திறந்தே விடுங்கள், உள்ளே ஈரம் உலர்ந்துவிடும்.